மூண்டு கண்டத்துக் கிற்றார்

ராசா, உன்ரை பட்டியல் வந்து சேந்தது. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு இன்னொருக்காலும் வாசிச்சன். உடம்புக்கு ஆபிரிக்க மகோகனி. அதுக்கு மேலை ஒட்ட மெக்சிக்கோவிலையிருந்து கொக்கோபோலோ. கழுத்துக்கு வெங்கேயும் பேர்ப்பிள்ஹார்ட்டுமா மாறி மாறி ஏழு பட்டை. விரல் வைக்கிற பலகைக்குக் கருங்காலி, அதுவும் ஒரு வரிகூட ஓடாத முழுக் கறுப்பு. தலைக்கு ஸீப்ராவூட். ஒரு பேஸ் கிற்றாருக்குள்ளை மூண்டு கண்டத்தைக் கொண்டுவந்து ஒட்டப்போறாய். அந்தாட்டிக்காவிலை மரம் முளைக்கிறேல்லை. முளைச்சிருந்தால் அதையும் விட்டிருக்கமாட்டாய்.

கிழவனுக்கு உதிலை என்ன விளக்கம் எண்டு உன்ரை கொம்மா கேப்பாள். சொல்லு, அப்பு மரக்காலையிலை கணக்கு எழுதின ஆள் எண்டு. வன்னியாலை லொறி வந்து நிக்கேக்கை, படங்கை இழுக்க முதலே முதிரையோ பாலையோ வீரையோ எண்டு மணத்திலை சொல்லுவன். இதெல்லாம் வீட்டு நிலைக்கும் வளைக்கும் விலை பேசின மூக்குத்தான். ஆனால் மரத்தை விக்கிறவன் எங்கை பொய் சொல்லுவான் எண்டதிலை கதவுக்கும் கிற்றாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலாவது புத்திமதி: கட்டாயம் செய்வி. விலை கூடினதாப் பாத்துச் செய்வி. பேஸ் வாசிக்கிறவனை மேடையிலை ஆரும் பாக்கிறேல்லை, அது உனக்கே தெரியும். பாடுறவனைப் பாப்பினம், லீட் கிற்றார்க்காரன்ரை தலைமயிரைப் பாப்பினம், ட்ரம்ஸ்காரன் தடியை எறிஞ்சு பிடிக்கிறதைப் பாப்பினம். எங்கடை காலத்துத் திருவிழாவிலை கடைசி நாள் இசைக்கோஷ்டி வந்தால், நித்தி கனகரத்தினத்தின்ரை ‘சின்ன மாமியே’ துவங்கின உடனை சனம் எழும்பி ஆடும். அந்த ஆட்டத்தை ஆட்டினவன் பின்னாலை இருட்டுக்கை நிண்ட பேஸ்காரன். அவன்ரை பேர் ஊரிலை ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. இளையராசாவின்ரை எத்தினை பாட்டிலை சசிதரன் பேஸ் வாசிச்சிருக்கிறார்! அந்தப் பாட்டுகளை முணுமுணுக்கிற ஆக்களிலை எத்தினை பேருக்கு அவரைத் தெரியும்? எண்டபடியால் நாவல்பழ நிறத்திலை ஒரு கழுத்து வைச்சியெண்டால், ஸ்காபரோவிலை ஒரு கலியாண வீட்டு வீடியோவிலையாவது கமரா உன்னிலை ரண்டு செக்கன் நிக்கும். அதுக்கு ஆறாயிரம் டொலர் எண்டால் மலிவுதான்.

சத்தத்துக்காகத்தான் எண்டு மட்டும் சொல்லாதை மோனை. எனக்குச் சிரிப்பு வந்தால் பல்லுக்கட்டு கழருது.

நீ வாசிக்கிற சாமானிலை கம்பிக்குக் கீழை ஒரு காந்தம் இருக்கு, அதைச் சுத்தி மயிரளவு செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. உருக்குக் கம்பி ஆடினால் காந்தப்புலம் ஆடும், செப்புக்குள்ளை மின்சாரம் ஓடும், பெட்டி முழங்கும். அந்தக் காந்தம் பாக்கிறது கம்பியின்ரை ஆட்டத்தை மட்டும். மரத்தின்ரை ஊர் என்ன, குலம் என்ன, கொப்பாட்டன் ஆர் எண்டு விசாரிக்க அதுக்குத் தெரியாது. எங்கடை ஊர் ஆக்களை விடத் திறமான சாமான்.

மரத்துக்கு ஒரு வேலையும் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. இருக்கு, ஆனால் நீ நினைக்கிற இடத்திலை இல்லை. உன்ரை பழைய பேஸிலை ஜி கம்பியிலை அஞ்சாம், ஆறாம், ஏழாம் ஃபிரெட் பக்கம் சத்தம் எழும்பின கையோடை செத்துப்போகுது எண்டு போன முறை முறைப்பட்டனியெல்லே. அது கழுத்தின்ரை வேலை. கழுத்துக்கும் தன்பாட்டிலை நடுங்கிற ஒரு கதி இருக்கு. கம்பி அதே கதியிலை ஆடேக்கை, கழுத்து அந்த ஆட்டத்தை வாங்கித் தானும் நடுங்கும். கம்பியிலை மிச்சம் ஒண்டும் இராது. காந்தம் பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? பேஸுக்குக் கழுத்து நீளம். நட்டிலையிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலக் கம்பி. அடிக் கம்பி செக்கனுக்கு 41 தரம் ஆடுது. இவ்வளவு இழுவையைத் தாங்கிற பலகை விறைப்பா, நேரா, நல்லாக் காய்ஞ்சு இருக்கவேணும். மரத்தின்ரை வரி நெட்டுக்கு நேரா ஓடவேணும். அது மெக்சிக்கோவிலை வளந்துதோ மிருசுவிலிலை வளந்துதோ எண்டது பிறகு.

அந்த வகையிலை உன்ரை பட்டியலிலை ஒண்டை மட்டும் மெச்சுறன். ஏழு பட்டைக் கழுத்து. நிறத்துக்காகத்தான் போட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். எண்டாலும் பட்டை பட்டையா ஒட்டின கழுத்து, ஒண்டு ஒரு பக்கம் முறுக்க வெளிக்கிட மற்றது மறிச்சுப் பிடிக்கும். தற்செயலா ஒரு நல்ல காரியம் செய்துபோட்டாய். ஆருக்கும் சொல்லாதை, தெரிஞ்சு செய்ததெண்டு வைச்சிருப்பம்.

இங்கிலாந்திலை லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்து ஆக்கள் 2018 இலை ஒரு பரிசோதனை வெளியிட்டவை. ஒரே கைகாரனைக் கொண்டு ஒரே அச்சிலை ஆறு கிற்றார் செய்விச்சினம். முன் பலகை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி. பின்னுக்கும் பக்கத்துக்கும் மட்டும் வேறை வேறை மரம்: பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள், சப்பேலி, வோல்னட். 52 கிற்றார்க்காரரைக் கூப்பிட்டு, வெல்டிங் வேலைக்காரர் போடுற கண்ணாடியை மாட்டி, மங்கல் வெளிச்சத்திலை இருத்தி, வாசி எண்டு குடுத்திச்சினம். கடைசியிலை பாத்தால் ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. எது எதெண்டு பிரிச்சுச் சொல்லவும் அவையாலை முடியேல்லை. அதுகூடப் பேஸ் இல்லை, பெட்டிக் கிற்றார். பெட்டியின்ரை பலகையே சத்தம் போடுற சாமான். அதிலேயே இந்தக் கதையெண்டால், காந்தத்தாலை கேக்கிற உன்ரை பேஸைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல?

ஆனால் நீ கவலைப்படாதை. உனக்குக் கட்டாயம் வித்தியாசம் கேக்கும். ஆறாயிரம் டொலர் குடுத்த காது கேக்காமல் விடுமே?

உந்தப் பித்தைத் துவக்கினவை கலிபோர்ணியாக்காரர். அலெம்பிக் எண்ட கொம்பனி, 1972 இலை ஜாக் கசாடி எண்ட பேஸ்காரனுக்கு ஒண்டு செய்து குடுத்தது. வடிவான மரங்களை ஒட்டி, உள்ளுக்கை மின்னணு வேலையெல்லாம் புதுசாப் போட்டு. திறமான சாமான்தான், மறுக்கேல்லை. அந்தத் திறத்திலை எவ்வளவு உள்ளுக்கிருந்த மின்னணுவாலை, எவ்வளவு வெளியிலை தெரிஞ்ச மரத்தாலை எண்டு அதுக்குப் பிறகு வந்த ஆக்கள் பிரிச்சுப் பாக்கேல்லை. மரம் கண்ணுக்குத் தெரிஞ்சுது, அதைப் பிடிச்சுக்கொண்டினம். அதுக்கு இருபத்தொரு வருசம் முந்தி, 1951 இலை, லியோ ஃபெண்டர் முதல் பிரெசிஷன் பேஸை வித்தவர். அந்த மனிசன் கழுத்துக்கு மேப்பிளும் உடம்புக்கு ஆஷும் போட்டார். பேந்து ஆல்டர். அந்த நாட்டிலை தாராளமாக் கிடைச்ச மரங்கள், அரியச் சுகம், விலையும் கொள்ளை இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

அந்த ஃபெண்டரிலை ஒண்டு, 1962 ஆம் ஆண்டுச் சாமான், ஜேம்ஸ் ஜேமர்சன் எண்ட மனிசன்ரை கையிலை கிடந்தது. மோட்டவுன் எண்ட இசைத்தட்டுக் கொம்பனியின்ரை பாட்டுகளிலை பாதிக்கு அடித்தளம் போட்டது அவர்தான். வலக்கையிலை ஒரே ஒரு விரலாலை வாசிச்சவர், சுட்டுவிரல். கம்பி மாத்திறதும் இல்லையாம், அறுந்தால் ஒழிய. ஊத்தை பிடிச்ச கம்பியிலைதான் அந்தத் தடிச்ச சத்தம் எண்டு அவருக்கு எண்ணம். நீ மாதத்துக்கொருக்காப் புதுக் கம்பி போட்டுக்கொண்டு, பிரேசில் காட்டிலை சத்தம் தேடுறாய்.

ஜாக்கோ பஸ்டோரியஸ் எண்ட பேஸ்காரன்ரை கதை இன்னும் நல்லது. 1962 ஜாஸ் பேஸ் ஒண்டிலை ஃபிரெட் எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, வெட்டுகளுக்கு மரப்பசை அடைச்சு, பலகைக்கு மேலை பூசினது என்ன எண்டு நினைக்கிறாய்? வள்ளத்துக்குப் பூசுற எப்பொக்சி. பருத்தித்துறைக் கரையிலை ஃபைபர் வள்ளம் திருத்துற பெடியளிட்டை ரின்னிலை கிடக்கிற அதே வகைச் சாமான். அந்தப் பேஸ் பாடின மாதிரி இண்டைக்கும் ஒண்டும் பாடேல்லை எண்டு நீங்களே சொல்லுறியள். முழுக் கறுப்புக் கருங்காலி கேட்டு நீ எழுதின இடத்திலை, ‘வள்ளப் பசை, ரண்டு ரின்’ எண்டு எழுதினால் உன்ரை கைகாரன் மயங்கி விழுவான்.

இன்னும் ஒருத்தர், நெட் ஸ்ரைன்பேர்கர். 1980 வாக்கிலை மரமே இல்லாமல், தலையும் இல்லாமல், கார்பன் இழையும் பிசினும் சேத்து ஒரு பேஸ் செய்தார். பாத்தால் துடுப்பு. வாசிச்சால் பேஸ். அதை வாங்கின ஆக்களும் சந்தோசமாத்தான் வாசிச்சினம்.

திரும்பக் கருங்காலிக்கு வாறன். முழுக் கறுப்பு வேணும் எண்டு நீ ஒற்றைக் காலிலை நிக்கிறாய். கமரூனிலை உந்த முழுக் கறுப்புப் பித்தாலை என்ன நடந்தது தெரியுமே? மரத்தைத் தறிச்சு விழுத்திப் பாத்து, உள்ளுக்கை பழுப்பு வரி ஓடினால், விலைபோகாது எண்டு காட்டுக்கையே போட்டுவிட்டு வந்திருக்கினம். பத்திலை ஒரு மரந்தான் முழுக் கறுப்பு எண்டு டெய்லர் கிற்றார் கொம்பனியின்ரை பொப் டெய்லர் சொன்னவர். 2011 இலை அங்கையொரு ஆலையைக் கூட்டுக்கு வாங்கினதுக்குப் பிறகு வரி ஓடின கருங்காலியையும் அவை கிற்றாரிலை போடத் துவங்கிச்சினம். சத்தத்திலை ஒரு குறையும் இல்லை. மணமகள் தேவை விளம்பரத்திலை ‘சிவந்த, மெலிந்த’ எண்டு போடுற ஆக்கள் மாதிரி, நீ ‘கறுத்த, வரியற்ற’ எண்டு போட்டிருக்கிறாய். நிறந்தான் மாறியிருக்கு, குணம் எங்கடை குணந்தான்.

சரி, அவ்வளவு கறுப்பிலை பிரியமெண்டால் ஏன் கமரூனுக்குப் போகவேணும், உலகத்திலை திறமான கருங்காலியெண்டு வெள்ளைக்காரன் பேர் வைச்சுக் கொண்டுபோனது இலங்கைக் கருங்காலியைத்தானே எண்டு கேப்பாய். அவன் கொண்டுபோனது மெய். அதாலைதான் இப்ப இல்லை. காட்டிலை மிஞ்சியிருக்கிறதிலை கைவைச்சால் உன்ரை பேஸ் கொன்சேர்ட் நீதவான் நீதிமண்டிலைதான் நடக்கும். இஞ்சை இப்ப கருங்காலி எண்டு விக்கிறதெல்லாம் கழுத்திலை போடுற மாலைதான். தோசம் போகும், காசு வரும் எண்டு யூரியூப்பிலை சொல்லுறாங்கள். வித்தவனுக்குக் காசு வந்தது மெய். கறுப்புச் சாயத்திலை ஊறப்போட்ட கட்டையை நான் மரக்காலையிலேயே எவ்வளவு கண்டிருப்பன். கிற்றார்க் கடையிலையும் உந்தச் சாய விளையாட்டு இருக்கு. ஒரு பழந்துணியிலை கொஞ்சம் ஸ்பிரிட் நனைச்சு, பலகையின்ரை ஓரத்திலை தேய்ச்சுப் பார். துணி கறுத்தால் காசைத் திருப்பிக் கேள்.

பொலிஸ் சங்கதியும் சொல்லவேணும், நீ நல்லூர்த் திருவிழாவுக்கு உதையும் தூக்கிக்கொண்டு வரப்போறன் எண்டனி. மரத்துக்கும் கடவுச்சீட்டு இருக்கு ராசா. சைட்டிஸ் எண்ட உலக உடன்படிக்கையிலை பிரேசில் ஈட்டியை 1992 இலையே முதலாம் அட்டவணையிலை போட்டுப் பூட்டிவிட்டினம். 2017 தை 2 ஆம் திகதியிலையிருந்து ஈட்டிக் குடும்பம் முழுக்க ரண்டாம் அட்டவணை. உன்ரை கொக்கோபோலோவும் அந்தக் குடும்பந்தான். உலகத்திலை இருக்கிற கிற்றார்க்காரர் எல்லாம் குய்யோ முறையோ எண்டு குழற, 2019 கார்த்திகையிலை செய்துமுடிச்ச வாத்தியங்களுக்கு விலக்குக் குடுத்திச்சினம். பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கும் இல்லை. எண்டபடியால் கிற்றாராக் கொண்டுவா, பலகையாக் கொண்டுவராதை. ‘அப்புவுக்குக் காட்ட ஒரு துண்டு’ எண்டு பெட்டிக்குள்ளை வைச்சால், கட்டுநாயக்காவிலை அப்புவின்ரை பேர்தான் முதல் வெளியிலை வரும்.

பகிடியெண்டு நினையாதை. அமெரிக்காவிலை கிப்சன் எண்ட பெரிய கொம்பனிக்குள்ளையே ஆயுதம் தாங்கின அதிகாரியள் பூந்தவை. 2009 இலை மடகஸ்கார்க் கருங்காலிக்கு, 2011 இலை இந்தியாவிலையிருந்து வந்த ஈட்டிக்கும் கருங்காலிக்கும். 2012 இலை மடகஸ்கார்ச் சங்கதிக்கு மூண்டு லட்சம் டொலர் தண்டம் கட்டி இணங்கிப் போச்சினம். பேர்பெற்ற கொம்பனிக்கே அப்பிடியெண்டால், சுங்க அதிகாரி உன்ரை வெங்கேயைக் காட்டி ‘இது என்ன மரம்’ எண்டு கேக்கேக்கை, ‘சத்தத்துக்கு நல்லது’ எண்டு நீ மறுமொழி சொல்லிக்கொண்டு நிக்கப்போறியே?

ஊர் மரம் போட்டால் என்ன எண்டு கேக்கிறாய் போலை கிடக்கு. நல்ல கேள்வி, நான் கேக்கப்பண்ணின கேள்வி. எங்கடை தவில் பலாமரத்துக் கட்டையைக் குடைஞ்சு செய்யிறது. மிருதங்கம் பலா. தஞ்சாவூர் வீணை பலா. குடையேக்கை வெடிக்காது, உளிக்கு இணங்கும், தோளிலை தொங்கப்போட்டு விடிய விடிய அடிக்கக்கூடிய பாரம். இணுவிலிலை பிறந்த தெட்சணாமூர்த்தி, 1975 இலை செத்தவர், 42 வயசும் முடியேல்லை. அவர் தவிலிலை கை வைச்சால் தமிழ்நாட்டு வித்துவான்மார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டவை. கேட்டவை ஒருத்தரும், ‘ஐயா, பலா எந்த ஊர்ப் பலா, மேல் பலகை என்ன’ எண்டு விசாரிச்சதா நான் அறியேல்லை. பலாவை நீ பேஸுக்குப் போடலாம். புதுசிலை மஞ்சள், வருசம் போகப்போகத் தேன் நிறம், பிறகு கறுத்த சிவப்பு. கனடாவிலை இருக்கிற உன்ரை கைகாரனுக்கு அதுதான் தூரதேசத்து அபூர்வ மரம், அவன் அதுக்கு மேலதிகமா ஆயிரம் டொலர் போடுவான். எனக்கு அவன்ரை மேப்பிள்தான் அபூர்வம். எங்கடை வளவிலை ஒண்டும் இல்லை.

ஆனால் இஞ்சை பலா தறிக்கிறதெண்டாலும் கடதாசி வேணும். 1951 ஆம் ஆண்டுச் சட்டம், பிரதேச செயலகத்திலை அனுமதி எடுக்கவேணும். பனைக்கும் அனுமதி வேணும். பனை எண்டதும் உன்ரை கண் மினுங்குது, எனக்குத் தெரியும். வைரம் பாய்ஞ்ச கிழட்டுப் பனையிலை விரல்பலகை! கறுப்பும் வைக்கோல் நிறமுமா ஊசி ஊசியா ஓடுற வரி, ரொறொன்ரோவிலை ஒருத்தனிட்டையும் இராது, புலம்பெயர்ந்த தமிழன்ரை அடையாளம் எண்டு பத்திரிகையிலை படத்தோடை போடுவினம். போடு. ஆனால் பனை, மரமாதிரி அடர்ந்து வளந்த சாமான் இல்லை. இரும்புக் கம்பி மாதிரி நார், நடுவிலை சோத்தி. ஃபிரெட்டுக்கு வாள் போட்டால் ஓரம் சிலாம்பெடுக்கும். நீ உயரக் கம்பியை வளைச்சு ஒரு இழுவை இழுக்கேக்கை, விரலுக்குள்ளை ஒண்டு ஏறும். அப்ப நீ போடுற சத்தத்துக்கு மைக் தேவைப்படாது.

இன்னொண்டும் இருக்கு. சண்டைக் காலத்திலை பங்கருக்கு அடுக்கினது பனங்குத்தி. நிண்ட பனையள் ஷெல் துண்டுகளை உள்ளுக்கை வாங்கிக்கொண்டு நிண்டது. இண்டைக்கும் மில்லிலை பழைய மரம் ஏத்தேக்கை, வாள் போய்விடும் எண்டு பயந்து பயந்துதான் அரிவினம். உன்ரை விரல்பலகைக்குள்ளை ஒரு இரும்புத் துண்டு மாட்டுப்பட்டால், உன்ரை காந்தத்துக்கு அதோடை மட்டும் கதைக்க விருப்பம் வந்தாலும் வரும்.

பாரத்தையும் பார். உடம்பு முழுக்கக் கருங்காலி போடுறன் எண்டு ஒரு இடத்திலை கீறி வெட்டியிருக்கிறாய். வெட்டினது புத்தி. ஆல்டரிலை ரண்டு கிலோவுக்கு வாற உடம்பு, தண்ணியிலை தாழுற கருங்காலியிலை அஞ்சு கிலோவுக்குக் கிட்ட வரும். அதுக்கு மேலை கழுத்து, சாவி, பிரிட்ஜ். ஒரு கொன்சேர்ட் முடிச்சியெண்டால், அடுத்த நாள் இடப்பக்கத் தோளுக்கு எண்ணை தேய்க்க நான் அங்கை வரேலாது.

கைகாரனிட்டை கேக்கவேண்டிய கேள்வியள் வேறை. பலகை எத்தினை வருசம் காய்ஞ்சது? ஈரம் எவ்வளவு நிக்குது? இஞ்சை சோளகத்திலை காய்ஞ்ச பலகைகூட உங்கடை மாரியிலை ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ளை இன்னும் சுருங்கும். சுருங்கினால் ஃபிரெட்டின்ரை நுனி ரண்டு பக்கத்தாலையும் வெளியிலை எட்டிப் பாக்கும், உள்ளங்கையைக் கீறும். உன்ரை பட்டியலிலை ஆறு வகை மரம், ஆறும் ஆறு விதமாச் சுருங்கும். ஒட்டின இடத்தை அவன் என்னெண்டு பாத்துக்கொள்ளுவான்? கழுத்துக்குள்ளை போடுற இரும்புக் கம்பியைத் திருக வாய் எங்கை வைக்கிறான்? காந்தம் ஆர் சுத்தினது? ஃபிரெட்டை ஆர் சீவிறது, அவனோ அவன்ரை பழகுற பெடியனோ? உதைக் கேட்டால் உன்னை விளக்கமான ஆள் எண்டு நினைச்சு ஒழுங்கா வேலை செய்வான். மரத்தின்ரை பேரைக் கேட்டால் பில்லை நீட்டுவான்.

எண்டாலும் நீ கேக்கப்போறதில்லை, உன்ரை கொப்பரையும் எனக்குத் தெரியும். எண்டபடியால் மூண்டு கண்டத்தையும் ஒட்டுவி, வடிவா இருக்கட்டும். ஒரு உதவி மட்டும். கழுத்துக்கு ஏழு பட்டை வெட்டேக்கை பேர்ப்பிள்ஹார்ட்டிலை ஒரு நீட்டுத் துண்டு மிஞ்சும், அதுக்கும் நீதான் காசு குடுத்திருப்பாய், அவன் எறிய விடாதை. அது சைட்டிஸ் பட்டியலிலை இருக்கோ எண்டு பாத்து, இல்லையெண்டால் கொண்டுவா. மூண்டடி நீளம், கைக்குள்ளை அடங்கிற மொத்தம். என்ரை மண்வெட்டிப் பிடி போன மழைக்கு உழுத்துப்போச்சு. வெங்காயப் பாத்தி கட்டேக்கை பக்கத்து வளவுக்காரன் வேலிக்கு மேலாலை பாத்து, ‘உதென்ன அண்ணை நாவல் நிறத்திலை?’ எண்டு கேக்கவேணும்.